இரட்டை வாசல் வீட்டு வாடை

ஆம்பூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையை ஒட்டி, இரண்டு வாசல் வைத்த வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை விற்கும்வரை தனக்குத் தூக்கம் கிடையாது என்று சவுரியம்மாள் முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டாவிட்டாலும் தூக்கம் வந்திருக்காது. அது வேறு விஷயம்.

வீட்டைக் கட்டியவர் அவள் மாமனார் காசி. பெரிய சண்டை நடந்த காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்கென்று இந்தப் பக்கத்துத் தோல்தான் கப்பல் கப்பலாகப் போனது. தோல் பதனிடும் ஷாப்புகளில் இரவு பகல் பாராமல் வேலை. காசியின் கையிலும் நாலு காசு புரண்டது. முதலாளி மனசு வைத்து ஆற்றோரமாக ஒரு துண்டு மனை எழுதிக் கொடுத்தார். மகன்கள் இரண்டு பேர் என்பதால் வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு, நடுவில் ஒரே சுவர். பின்னாலிருந்த தோட்டமும் கிணறும் மட்டும் பொது. "கெணத்தப் பிரிச்சா தண்ணி பிரியுமாடா?" என்று மகன்களைக் கேட்டுவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார்.

மூத்தவன் சவுரியம்மாளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனான். இளையவன் கோவிந்தசாமி கண்ணம்மாளைக் கட்டிக்கொண்டு, கோவிந்தசாமியாகவே இருந்துவிட்டான். ஒரு வாசலுக்கு மேலே சிலுவை, இன்னொரு வாசலுக்கு மஞ்சளும் குங்குமமும். அதனால் அந்த வீட்டில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் முருங்கைக்காயால் வந்ததுதான்.

அப்படிப்பட்ட வீட்டை ஏன் விற்க வேண்டும்? தேவசகாயத்தின் கைகளுக்காக. அவன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. மேஸ்திரி என்றால் கரையில் நின்று அதட்டுகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சைத் தோல் குழிக்குள் பதமாக ஊறிவிட்டதா, மயிர் கழன்று வருமா என்பதையெல்லாம் கை விட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷமாகக் கை விட்டுப் பார்த்ததில் சுண்ணாம்பு அவன் உள்ளங்கையைத் தின்றுவிட்டது. கோடைக்கால ஏரி போல வெடித்த கை. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். அதனால் வாசல் கதவைச் சாத்திவிட்டு, சவுரியம்மாள்தான் பிசைந்து ஊட்டுவாள். கதவு சாத்தாமல் அவன் வாயைத் திறக்கமாட்டான், அவ்வளவு வெட்கம்.

வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மழைக்காலம் குழியில் இறங்கினால் விரல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஆலங்காயத்தில் சவுரியம்மாளின் அண்ணன் நிலத்துக்குப் பக்கத்திலேயே மலையடிவாரமாக ஒரு நிலம் விலைக்கு இருந்தது. அதன் சொந்தக்காரர் கார்த்திகை தீபம் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். கோவிந்தசாமிக்கும் குடியாத்தத்தில் மாமனார் வீட்டுத் தறி காத்திருந்தது. ஆக, வீடு விற்றால் இரண்டு குடும்பமும் கிளம்பிவிடலாம். "வூடு வித்தா போலாம்" என்று தேவசகாயம் ஒரே ஒரு தடவை சொன்னான். அந்த ஒரு சொல்லைச் சவுரியம்மாள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். விற்காவிட்டால் அவன் அந்தக் குழியை விட்டு அசையமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

பழைய வீட்டை எவன் வாங்குவான் என்று சித்திரையில் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். நாட்டு ஓட்டைப் பிரித்து மங்களூர் ஓடு வேய்ந்தார்கள். கதவுகளுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். சுவர்தான் பாக்கி, அதற்குத் தேவசகாயம் ஒரு வழி கண்டுபிடித்தான். தோல் ஷாப்பு வேலிக்கு வெளியே, குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய பழைய சுண்ணாம்பு மலைபோல் கிடந்தது. கேட்பாரில்லை. "சுண்ணாம்பு சுண்ணாம்புதானே?" என்றான். "அதுல மயிரு வேற கலந்து கீது. பூசுனா வெடிக்கவே வெடிக்காது, பாத்துக்க." மயிர் கலந்தால் பூச்சு பிடிப்பாக நிற்கும் என்று கொத்தனாரும் தலையாட்டினார். வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, பழைய மண்பூச்சைச் சுரண்டிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் உள்ளும் புறமும் அதையே பூசித் தேய்த்தார்கள். மேலே நீலம் கலந்து வெள்ளையடித்தார்கள். மாதா படத்தைத் திரும்ப மாட்டியபோது வீடு கோவில்போல் பளிச்சென்று இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்தச் சங்கைத்தான் அன்றைக்கு நாலு பேரும் சேர்ந்து ஊதினார்கள், சந்தோஷமாக.

முதலில் வந்தவர் குடியாத்தத்து நூல் வியாபாரி ஒருவர். மாட்டு வண்டியை விட்டு இறங்காமலே, "யாரு வூடு இது?" என்று கேட்டார். சொன்னார்கள். வண்டிக்காரனிடம், "திருப்புடா" என்றார். அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அன்றைக்குத் தேவசகாயம் ஊட்ட வந்த கையைத் தள்ளிவிட்டான். சவுரியம்மாள் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றாள்.

ஆவணியில், ஒரு தூறல் போட்டு ஓய்ந்த காலையில், அப்துல் கரீம் பாய் வந்தார். வேலூரில் அத்தர் வியாபாரம் செய்பவர். ஒரே மகள் ஜஹீருன்னிசாவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளும் மருமகனும் ஒரு வாசல், தானும் மனைவியும் ஒரு வாசல் என்று அவருக்கு ஆசை. காசி தனக்கென்றே கட்டி வைத்த மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தோட்டத்துக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மருக்கொழுந்தைக் கிள்ளி விரல்களுக்கிடையில் நசுக்கி முகர்ந்தார். எலுமிச்சை இலையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தோட்டத்துக்காகவே வூட்ட வாங்கலாம் மேஸ்திரி" என்றார். ஷாப்பு வாடை இந்தப் பக்கம் வருமா என்று கேட்டார். "காத்து மலப் பக்கத்துலேர்ந்து இப்படித்தான் அடிக்கும் பாய். ஷாப்பு வாடை எதிர்ப்பக்கம் போய்டும்" என்றான் தேவசகாயம். அது உண்மைதான். சவுரியம்மாள் உள்ளே பித்தளை டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். இரண்டடி வைத்திருப்பார், கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். தேவசகாயம் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சவுரியம்மாள் டம்ளரை நீட்டினாள்.

"வேணாம் தங்கச்சி. வயிறு கொஞ்சம் சரியில்ல" என்றார், கைக்குட்டையை எடுக்காமலே. "யோசிச்சுட்டுச் சொல்லியனுப்பறேன்."

கோவிந்தசாமியின் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. தெருவில் இறங்கிவிட்டார்.

"பாய், நில்லுங்க" என்று தேவசகாயம் வாசலிலிருந்து கூப்பிட்டான். அந்தக் குரல் சவுரியம்மாளுக்குத் தெரியும். "எங்க வூட்டுத் தண்ணி தொண்டையில எறங்காதோ? எங்க கையி பட்ட தோலு மட்டும் காலுக்கு ஒத்துக்குதா? போங்க. இந்த வூடு உங்களுக்கு இல்ல."

பாய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னாய்யா பண்ணிட்ட?" என்று சவுரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூக்கப் பொத்துனான், பாத்தியா இல்லியா?"

பார்த்தாள்தான். ரயில் பெட்டியில், கடைத்தெருவில், மாதா கோவிலில் பாடல் குழுவுக்குப் பக்கத்தில் என்று அவன் கண்ட பொத்திய மூக்குகளைச் சொல்லி முடிக்க ஒரு வாரம் போதாது. அவளுக்கும் அப்துல் கரீமின் மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆத்திரத்தைவிட, நாள் போகிறதே என்ற பயம்தான் அவளை அரித்தது. ஆடு மேய்க்கிறவன் முதல் ரயில்வே போர்ட்டர் வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தரும் வரவில்லை. புரட்டாசி பிறந்தது. வானம் மூட்டம் போட ஆரம்பித்தது. குழியில் இறங்கிவிட்டு வரும் கையை ஒவ்வொரு நாளும் அவளே கழுவி எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். ஒவ்வொரு நாளும் துணியில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் இருந்தது.

ஆலங்காயத்திலிருந்து அண்ணன் சொல்லியனுப்பினான். நிலத்தை வேறு யாரோ கேட்கிறார்களாம். நேரில் வந்து பேசினால்தான் நிலத்துக்காரர் பொறுப்பார் என்றான். சவுரியம்மாள் ரயிலேறி வாணியம்பாடி போய், அங்கிருந்து வண்டி பிடித்துப் போனாள். போன இடத்தில் அண்ணிக்குக் காய்ச்சல், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தங்கும்படி ஆயிற்று. நிலத்துக்காரர் பேசியபடி தீபம் வரைக்கும் பொறுப்பதாகவும், அதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடையாது என்றும் சொன்னார். மலைக்காற்று, மண்வாசனை, மாட்டுக்கொட்டில் புகை என்று எதையும் நின்று அனுபவிக்க அவளுக்கு மனசில்லை. மூக்கு மட்டும் யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்கு விழித்துக்கொண்டது.

ஐப்பசி மழை பிடித்த அன்று அவள் ஆம்பூர் திரும்பினாள். நனைந்துகொண்டே வந்து பச்சைக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் பின்வாங்கினாள்.

உள்ளே ஏதோ செத்துக் கிடந்தது. அப்படித்தான் நினைத்தாள். பெருச்சாளியாக இருக்கும் என்று பரணைப் புரட்டினாள். அம்மிக்கடியில் பார்த்தாள். நெல்லுக் குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அடுத்த வாசலுக்குப் போய், "ஏண்டி, ரெண்டு வாரமா வூட்ட இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? எதோ செத்து நாறுதே!" என்று சத்தம் போட்டாள்.

ஓரகத்தி கண்ணம்மாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணும் வர்லியே அக்கா" என்றாள். அவளும் ஷாப்பு முற்றத்தில் மயிர் காய வைக்கிற வேலைக்குப் போகிறவள்.

அந்தப் பக்கத்திலும் அதே நாற்றம். அழுகலும் உப்பும் சுண்ணாம்புமாகத் தொண்டையைப் பிடிக்கிற நாற்றம். சவுரியம்மாள் மூலை மூலையாக முகர்ந்துகொண்டே வந்து, கடைசியில் மாதா படத்துக்குக் கீழே சுவரில் மூக்கை வைத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. சுவர் வியர்த்திருந்தது. வெள்ளையடித்த பூச்சுக்கு மேலே உப்பு பூத்து, அதற்கடியில் ஈரம் பழுப்பாகக் கசிந்தது. மழை பட்டதும் சுண்ணாம்புக் குழி தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்துல் கரீமின் கைக்குட்டை கண் முன்னால் வந்தது. தோட்டத்தில் மருக்கொழுந்தை முகர்ந்த மனுஷர் வீட்டுக்குள் வந்ததும் ஏன் மூக்கைப் பொத்தினார் என்பது இப்போது புரிந்தது. 'உன் வீடு நாறுகிறது' என்று ஒருத்தனின் வாசலில் நின்று எப்படிச் சொல்வார்? வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார், பாவம்.

தேவசகாயம் வேலையிலிருந்து வந்ததும் சொன்னாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அந்த விஷயத்தை மெதுவாகச் சொல்ல வழியே இல்லை.

"செவுரு நாறுதுய்யா. குழிச் சுண்ணாம்பு. அதனாலதான் பாய் மூக்கப் பொத்துனாரு. நம்மளப் பாத்து இல்ல."

அவன் போய்ச் சுவரில் மூக்கை வைத்தான். இழுத்தான். இன்னோர் இடத்தில் வைத்தான். தம்பியைக் கூப்பிட்டான். கோவிந்தசாமி நாலு சுவரையும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். கண்ணம்மாளும் முகர்ந்தாள். மூன்று பேர் தங்கள் வீட்டுச் சுவரிலேயே மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு.

"ரெண்டு வாரம் மலக்காத்து பட்டதும் நாங்க நாற ஆரம்பிச்சுட்டோமா?" என்றான் தேவசகாயம்.

"உங்களச் சொல்லலய்யா, செவுத்தச் சொல்றேன்."

"செவுத்தப் பூசுனது யாரு? ஆமாண்டி, நாங்க கழுத. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன? போய் அவனாண்டயே சொல்லு, நீயும் ஒரு கைக்குட்ட வாங்கிக்க."

அவள் எத்தனையோ வசவு கேட்டவள்தான். இது வசவில்லை. இத்தனை வருஷம் தன்னோடு நின்றவள் மூக்கைப் பொத்துகிறவர்கள் பக்கம் போய்விட்டாள் என்று அவன் நிஜமாகவே நம்பினான். அதுதான் அவளைச் சுட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டும்போது அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அதே வாடை அவன் தலைமயிரில் இருந்தது, கழுத்தில் இருந்தது, துணி சுற்றிய கையில் இருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஊட்டினாள். அடக்கியது அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது நாற்றம் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது. மழை விட்டிருக்கிறது என்று நினைத்தாள். மழை விடவில்லை. அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. குறைவது நாற்றமல்ல, மூக்கு. இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாமல் போனால், தான் சொன்னதை அவளே நம்பமாட்டாள். அப்புறம் அந்தச் சுவர் அப்படியே நிற்கும். வருகிறவர்கள் வயிறு சரியில்லாமல் போய்க்கொண்டேயிருப்பார்கள். தேவசகாயம் குழியில் கை விட்டுக்கொண்டேயிருப்பான்.

அதற்கப்புறம் அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மூக்கைக் காப்பாற்ற அவள் பட்ட பாட்டைப் பார்த்து ஊரே சிரித்தது. பொழுது விடிவதற்குள் பாலாற்று மணலுக்குப் போய் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். தூறலில் கொய்யா மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். மருக்கொழுந்தைக் காதிலும் கொண்டையிலும் செருகிக்கொண்டு திரிந்தாள். நொடிக்கொரு தடவை வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சுவரை முகர்ந்தாள். இருக்கிறதா, இருக்கிறதா என்று. நாற்றம் இருந்தால் நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு பிழைப்பு யாருக்காவது வாய்த்திருக்குமா?

"அக்காவுக்குக் காத்து கருப்பு எதோ அடிச்சிருக்குது" என்று கண்ணம்மாள் புருஷனிடம் கிசுகிசுத்தாள். "ஆலங்காயத்துல புளியமரத்தாண்ட போயிருப்பாங்க."

"அண்ணி, கொஞ்சம் படுத்து எழுந்திரு" என்று கோவிந்தசாமி இரக்கத்தோடு சொன்னான். இரக்கப்படுகிறவனிடம் சண்டை போடவும் முடியவில்லை.

ஒரு சாயங்காலம் ஆற்றிலிருந்து வந்து மாதா படத்துக்குக் கீழே மூக்கை வைத்தாள். ஈரச் சுவர் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான். வேறொன்றுமில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள். கண்ணை மூடி நின்று பார்த்தாள். கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள். வெறும் வீட்டு வாசனைதான், எத்தனையோ வருஷமாக அவள் சுவாசித்த வீடு. ஒருவேளை நான்தான் கிறுக்குப் பிடித்து அலைந்தேனா என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. தோன்றியதும் பயந்துபோய், களைக்கொத்தை எடுத்துச் சுவரில் போட்டாள்.

வெள்ளை உதிர்ந்தது. பூச்சு கட்டியாகப் பெயர்ந்து, உள்ளே ஆட்டுமயிரும் மாட்டுமயிரும் நாராகத் தொங்கின. அவள் கொத்திக்கொண்டேயிருந்தாள். பின்னாலிருந்து, "சவுரி!" என்று குரல் வந்தபோது மாதா படத்தைச் சுற்றி ஒரு கதவு அகலத்துக்குச் சுவர் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

தேவசகாயம் மழையில் நனைந்து நின்றான். சத்தம் கேட்டுத் தம்பியும் கண்ணம்மாளும் ஓடி வந்துவிட்டார்கள்.

"நான் தேச்ச செவுருடி" என்றான். குரல் உடைந்திருந்தது.

"ஆமா. எனக்கும் இப்ப ஒண்ணும் தெரியலய்யா. மூக்கு மூடிப்போச்சு. இனிமே நானும் உங்களோடதான். ஆனா நேத்து வந்துச்சு. முந்தாநேத்து ஜாஸ்தியா வந்துச்சு. மாதா மேல ஆண. என்ன நம்ப வேணாம், நேத்து இருந்தவள நம்பு."

"வுடு கொத்த."

அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அவன் வலது கையைப் பிடித்தாள். சுற்றியிருந்த ஈரத்துணியைப் பரபரவென்று அவிழ்த்தாள். அவன் என்ன ஏது என்று உணருவதற்குள், வெடித்த உள்ளங்கையைப் பெயர்க்காத சுவரின் கசிவில் வைத்து அழுத்தினாள்.

அவன் அலறினான். கையை உதறி இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிள்ளைக்குப் போல எண்ணெய் தடவிய கையைத் தானே சுட்டுவிட்டாள். கண்ணம்மாள், "ஐயோ அக்கா!" என்று அவளைப் பிடித்து இழுத்தாள்.

தேவசகாயம் கையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்புறம் அவனாகவே போய் ஒரு விரலை மட்டும் சுவரில் வைத்தான். எடுத்தான். இன்னொரு சுவரில் வைத்தான். இருபது வருஷமாகக் குழியில் விட்டுப் பார்த்த விரல் அது. மூக்குக்கு மறந்துபோனது அதற்கு மறக்கவில்லை.

"குழி" என்றான். "காஞ்சா செத்துடும்னு நெனச்சேன், இது இன்னும் நம்ம குழிதாண்டா கோவிந்தா. அதே எரிச்சல்." துணியை மறுபடி கையில் சுற்றிக்கொண்டே, "வண்டி வச்சு வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டேனே" என்றான்.

அவன் குழிக்குப் போனது அன்றைக்கே கடைசி. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஷாப்பு சங்கு ஊதியபோது அவன் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. மற்ற மூன்று பேரும் சுவர்களைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். பெயர்த்ததை ஆற்றுக்கப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்துச் செங்கல்லைக் கழுவினார்கள். கிழவர் காசி வைத்த செங்கல் வரி வரியாக வெளியே வந்தது. பச்சைக் கதவும் மங்களூர் ஓடும் வைத்து, நடுவில் அம்மணமாக நின்றது வீடு. நேர்த்தி பண்ணிய வீடு என்று இனிமேல் யாரும் சொல்லமாட்டார்கள்.

தீபத்துக்கு இரண்டு வாரம் இருக்க, மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, தேவசகாயமும் சவுரியம்மாளும் பாயின் மகள் ஜஹீருன்னிசாவின் வீட்டுத் தெருவுக்குப் போனார்கள். தொழுகை முடித்து அப்துல் கரீம் அங்கேதான் வருவார். அவர் வந்ததும் தேவசகாயம் நாலடி தள்ளியே நின்றுகொண்டு, "தப்பாப் பேசிட்டேன் பாய். செவுரு நாறுனது எங்களுக்குத் தெரியல" என்றான்.

பாய் திகைத்துப் போனார். "தெரிஞ்சே மறைக்கிறீங்கன்னு நெனச்சேன் மேஸ்திரி. நான் மூக்க வச்சுப் பொழைக்கிறவன். உன் வூட்ல நின்னு அத எப்படி நான் சொல்றது?" என்றார்.

"இப்ப ஒரு தபா வந்து பாருங்க."

அவர் வந்தார். தோட்டத்தின் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுக்குள் போனார். கோவிந்தசாமியும் கண்ணம்மாளும் மூச்சுவிடாமல் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கையில் கைக்குட்டை தயாராக இருந்தது. முதல் அறை, இரண்டாவது அறை, அடுப்படி, அப்புறம் அடுத்த வாசல். செங்கல்லுக்குக் கிட்டே குனிந்து கண்ணை மூடி இழுத்தார். சவுரியம்மாள் அவர் பின்னாலேயே போனாள். பாதி தூரம் போனபிறகுதான் புருஷன் கூட வரவில்லை என்று கவனித்தாள்.

அவன் கிணற்றடிக்கும் அப்பால், வேலியோரத்தில் தனியாக நின்றான். இவள் போய், "ஏன்யா இங்க நிக்கற? உள்ள வா" என்றாள்.

அவன் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வந்தா வூடு நாறுதுன்னு நெனச்சுக்கப் போறாரு" என்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "என் மேலயும் வருதா சவுரி?"

ஊரே சேர்ந்து தள்ளிவைக்கப் பார்த்தபோதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நின்ற மனுஷன் அவன். இப்போது அவனே தேடிப்போய் ஓரமாக நிற்கிறான். அப்படி நிற்க வைத்தது நூல் வியாபாரி அல்ல, தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லைதானே. ஆனால் சுவர் விஷயத்தில் தன்னை நம்பச் சொல்லி அழுதவள், இதில் பொய் சொல்ல முடியாது.

"ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கு வந்துச்சு" என்றாள். "மூச்ச அடக்கிக்கினுதான் உனக்குச் சோறு ஊட்டுனேன். இப்ப தெரியல."

அவன் தலையாட்டினான். "தெரிஞ்சுச்சு எனக்கு. அன்னிக்கு நீ மூச்சு விடல" என்றான்.

"ஆலங்காயத்துக் காத்துல போய்டும்யா. என் மூக்கு தெறந்த மாதிரி."

"எப்ப போய்டுச்சுன்னு நீதான் சொல்லணும்."

"சொல்றேன்."

அடுத்த வாசலிலிருந்து அப்துல் கரீம் வெளியே வந்தார். கைக்குட்டை அவர் கையில் இல்லை, பைக்குள் போயிருந்தது. பின்னாலேயே வந்த கோவிந்தசாமி அண்ணியைப் பார்த்துக் கண்ணாலேயே என்னமோ சொன்னான். பாய் மருக்கொழுந்துப் பாத்தியைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வேலியோரம் வரைக்கும் நடந்து வந்தார். தேவசகாயம் பின்வாங்கப் பார்த்தான். பின்னால் வேலி இருந்தது.

"மேஸ்திரி" என்றார் அப்துல் கரீம், அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்று. "செங்கல்லு தங்கமா கீது. பூச்சு நான் பாத்துக்கறேன். அன்னிக்குக் குடிக்காத தண்ணிய இன்னிக்குக் குடு."

சவுரியம்மாள் ராட்டினக் கயிற்றைப் பிடிக்கப் போனாள். தேவசகாயம் அவள் கையை விலக்கிவிட்டு, துணி சுற்றிய கைகளால் தானே இறைத்தான்.